சுருட்டை

யானையைப் பற்றிச் சொன்னார்கள்.
ஆண்களைப் பற்றி இன்னும் அதிகம் சொன்னார்கள்.
லைன் சூப்பர்வைசர்
தன் பெரியப்பா மகளுக்கு நடந்ததைச்
சாப்பாட்டு நேரம் முழுக்கச் சொன்னார்.
இதை ஒருவரும் சொல்லவில்லை:

அஞ்செட்டிக்கு மேலே
தை வெயில் அப்போதுதான் சூடேற்றிய பாறையில்
நான் கை ஊன்றப்போன இடத்துக்கு ஒரு சாண் தள்ளி
லாடம்போல் மடிந்து கிடக்கிறது.
கட்டைவிரல் தடிமன்தான்.
வாயிலிருந்து வரவில்லை அந்தச் சத்தம்.
செதிலோடு செதில் தேய்கிறது,
காய்ந்த தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர்போல,
ஆனால் அடங்காமல்.

காலுக்குக் கம்பெனி சேஃப்டி ஷூ கொடுத்திருக்கிறது.
கைக்கு எதுவும் இல்லை.
அந்தரத்தில் நிற்கிறது கை.
ஒரு ஷிஃப்டுக்கு எழுநூறு கடிகாரத்துக்கு
முள் பொருத்தும் கை.
இப்போதும் நடுங்கவில்லை.
நடுங்குவதெல்லாம் முழங்கால்.

கணக்கு தானாக ஓடுகிறது.
இறங்க இரண்டு மணி நேரம்,
ஓடக் கூடாது, கீறக் கூடாது,
இறுக்கிக் கட்டக் கூடாது,
பஸ் கிடைத்தால் தேன்கனிக்கோட்டை,
அங்கே மருந்து இருந்தால்.
கிடைத்தால். இருந்தால்.
போனில் ஒரு கோடுகூட இல்லை.

என் பெயர் நாகரத்னா
என்று சொல்லிப் பார்க்கலாமா?
சிரிப்பு வந்தது.
சிரிக்கவும் உடம்பு அசைய வேண்டும்.

கடிக்கத்தான் போகிறது என்றால்
எதற்கு இவ்வளவு நேரம் கத்துகிறது?
ஓசூர் டவுன் பஸ்ஸில்
என் பின்னால் வந்து நின்றவர்கள்
யாரும் முன்கூட்டிச் சத்தம் கொடுத்ததில்லை.

கையை இழுத்தேன் என்று சொல்ல முடியாது.
மணிமுள் நகர்வதை
நீங்கள் கண்ணால் பார்த்ததுண்டா?
அப்படி.
பிறகு ஷூவால் பின்னால் தடவித் தடவி
ஓர் அடி.
சத்தம் தணிந்தது.
இன்னோர் அடி.
நின்றேவிட்டது.
அதுவும் வெயில் காயத்தான் வந்திருக்கிறது,
அதற்கு ஞாயிற்றுக்கிழமை தேவையில்லை.

உண்ணிப் புதருக்குள் சுற்றிக்கொண்டு போனேன்.
அதற்குப் பிறகு வேரெல்லாம் பாம்பு.
கொன்றைக்காய் பாம்பு.
ஒருமுறை என் ஷூ லேஸே.
உச்சிக்குப் போகவில்லை.
பாதிக் குன்றில் உட்கார்ந்து
எலுமிச்சைச் சாதத்தைத் தின்றேன்,
உட்காரும் முன் கல்லை நாலு முறை தட்டி.

திங்கள் காலை சூப்பர்வைசர் கேட்டார்:
யாராவது வம்பு பண்ணினாங்களா?
இல்லை சார்.
முழங்கையில என்ன கீறல்?

தட்டில் எழுநூறு காத்திருந்தன.
முள், என்றேன்.