இருபத்து மூன்றாவது உறை

காலை ஆறே கால்.
மாட்டு லாரிகள் கிளம்புமுன்பே
கிராண்ட் ஐலண்டிலிருந்து மூட்டை வந்துவிடும்.
நெப்ராஸ்காவில் தொள்ளாயிரம் பேர் உள்ள ஊருக்குத்
தபால் பிரிக்கிறவள் நான் ஒருத்திதான்.

அன்றைக்குக் கனத்த உறைகள்.
தந்த நிறம், மூலையில் தங்க மையில் ஒரு கழுகு.
"தேர்ந்தெடுக்கப்பட்ட வெகு சிலரில் நீங்களும் ஒருவர்"
என்று பிரிக்கும் முன்பே கத்தின.
யார் யாருக்கு என்று சொல்லமாட்டேன்.
எண்ணினேன்: இருபத்து மூன்று.
பத்தாம் வகுப்பில் இருப்பதே இருபத்தாறு பேர்.
கடைசி உறையில் என் மகள் பெயர்,
ஆட்ரா குசேரா.

சாயங்காலம் அதை
ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள்.
ஒன்பது நாள், வாஷிங்டன், தலைமைப் பண்புப் பயிற்சி.
நாலாயிரத்து இருநூறு டாலர், விமானச் செலவு தனி.
"யாரோ என்னைச் சிபாரிசு பண்ணியிருக்காங்க அம்மா,
யாரா இருக்கும்?"
வகுப்பில் கை தூக்கவே கூசுகிறவள்
முதுகை நிமிர்த்தி நின்று கேட்டாள்.

பிறர் தபாலைப் பற்றி வாய் திறப்பதில்லை என்று
வேலையில் சேர்ந்த அன்று
வலது கையை உயர்த்திச் சொன்னவள் நான்.
அது இத்தனை சௌகரியமாக இருக்குமென்று
அன்று தெரியாது.
உரித்துக்கொண்டிருந்த உருளைக்கிழங்கிடம்
"தெரியலையே" என்றேன்.

டுவெய்ன் கடிதத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்தான்.
"இந்தக் காசுக்கு வண்டிக்குப் புது கியர்பாக்ஸ் வரும்.
அதுவாவது மேட்டில் முன்னால் போகும்."
யாரும் சிரிக்கவில்லை.

தூக்கம் வராத நேரத்தில் எனக்கே வாதாடிப் பார்த்தேன்.
காசு கொடுத்து வாங்கிய மூக்குக்கண்ணாடி என்பதால்
பார்வை பொய்யாகிவிடுமா?
நிமிர்ந்த முதுகும் அப்படித்தானே, போகட்டுமே.
உடனே அந்தக் கழுகு வரும்.
இருபத்து மூன்றிலும்
ஒரே இடத்தில் அலகு மழுங்கியிருந்தது.

வியாழக்கிழமை அவளே அந்த எண்ணுக்கு ஃபோன் போட்டாள்.
கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன்.
பேச்சு தபால் ஆகாது.
ஒரு குழுவில் எத்தனை பேர்?
சாப்பாடும் சேர்த்தியா?
அப்புறம் குரல் இறங்கி,
"ஒன்பது நாளும் நான் பேசாமலே இருந்துட்டா
என்ன செய்வீங்க?"
மறுமுனை வெகுநேரம் ஏதோ சொல்லியது.
அவள் "ம்" மட்டும் கொட்டினாள்.

சனிக்கிழமை, போகிற தபால் பெட்டியைக் கவிழ்த்தேன்.
உரக்கடைப் பில்களுக்கும் ஓர் இரங்கல் அட்டைக்கும் நடுவே
அவள் கையெழுத்து. வாஷிங்டன் முகவரி. ஒல்லி உறை.
போன ஜூலையில் சோளக்கொல்லையில்
கொண்டை கிள்ளி, உள்ளங்கை வெடித்துச் சேர்த்த நானூறு
முன்பணமாய் உள்ளே இருக்கலாம்.
"வரவில்லை, நன்றி" என்று ஒற்றை வரியும் இருக்கலாம்.
தூக்கிப் பிடித்தால் போதும்,
தலைக்கு மேலேயே டியூப்லைட்.

தபால்தலையைக் கொஞ்சம் கோணலாக ஒட்டியிருந்தாள்.
அதன்மேல் முத்திரையை ஓங்கிக் குத்தி
தேதி தெளிவாக விழுந்திருக்கிறதா என்று மட்டும்
பார்த்தேன்.