கொழிஞ்சி நிற்கும் உட்பிரிவு

ஆனி மாசத்தில் தேரியை அளக்க வருகிறவர்
ஒன்று வேலைக்குப் புதுசாக இருக்க வேண்டும்,
இல்லை, காற்றாலைக் கம்பெனி
அவசரப்படுத்தியிருக்க வேண்டும்.
ஞானதிரவியம் சார் புதுசு இல்லை.

குட்டத்துக்குக் கிழக்கே
கடல் தெரியாது, கேட்கும்.
செம்மண் என்று பதிவேட்டில் இருக்கிறது.
நேற்று இருந்த இடத்தில் இன்று இருக்காத ஒன்றுக்கு
அப்படி ஒரு பெயர்.
இதில்தான் எல்லைக்கல் நட வேண்டும்.
டேப்பின் ஒரு முனை அவர் கையில்,
மறு முனை என் கட்டைவிரலுக்குக் கீழ்.

நடுவில் கொழிஞ்சி.

முழங்கால் உயரம்கூட இல்லை.
டேப் அதன்மேல் ஏறி, வளைந்து இறங்கியது.
"அரை அடி கூடக் காட்டுது,
பிடுங்கிப் போடு செல்லக்கனி."

பிடித்தேன். வரவில்லை.
இரண்டு கையாலும் பிடித்தேன்.
உள்ளங்கையில் பச்சை வாசம் ஏறியது, அவ்வளவுதான்.
காற்று மணலை அரித்துக்கொண்டு போனதில்
ஒரு சாண் வேர் வெளியே நின்றது.
மிச்ச வேர் யார் பட்டாவுக்குள் போகிறதோ.

வெள்ளாடு முகர்ந்துவிட்டு நகர்கிற கசப்பு.
ஊதாவில் நாலு பூ.
ஒன்றை எறும்பு மொய்த்திருந்தது.

ஆத்திரத்தில் ஒரு இலையின் நுனியைப் பிடித்து இழுத்தேன்.
நேராகக் கிழியவில்லை.
சாளை மீனின் வாலாகக் கவைத்துக்கொண்டு வந்தது.
இன்னொன்று. அதுவும் சாளைவால்.
அடுத்ததும்.

"என்னா செய்யுத அங்க?"
வந்தார். அவரும் ஒன்றை இழுத்தார்.
முப்பத்தொரு வருஷம்
ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட கை.
மூன்றாவது இலையை
இரண்டு நகத்துக்கு நடுவே வைத்து,
மூச்சைப் பிடித்து,
மெல்ல

வால்தான் வந்தது.

ஜீப்பில் இருந்தவன் ஹார்ன் அடித்தான்.
பயிர்: இல்லை. மரம்: இல்லை.
செடிக்கு அதில் கட்டம் கிடையாது.
கல்லை ஒரு முழம் தெற்கே தள்ளி நட்டோம்.
"ஆடி கழிஞ்சு வந்தா கல்லு எங்க கெடக்கோ" என்றார்.
செடியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

திரும்புகையில் திசையன்விளை பஸ்.
கால்செருப்பு, காது, டிபன் டப்பா, எங்கும் தேரி.
கண்டக்டர் எச்சில் தொட்டு
டிக்கெட்டைக் கிழித்தார்.
நேராகக் கிழிந்தது.
ஏனோ எனக்கு
எரிச்சலாக வந்தது.