எழுதாக் கணக்கு

ஐந்து விநாடிக்கு ஒருமுறை எழுதிக்கொண்டிருந்தது.
நான் ஒன்றும் தட்டாதபோதும் எழுதியது.
எந்தக் கோப்பை எப்போது திறந்தேன் என்று
எனக்கே வேண்டாத குறிப்பை
நுணுக்கி நுணுக்கி எழுதிவைத்தது.
மடியில் கனமாக ஒரு பழைய லேப்டாப்,
உள்ளே ஓயாத ஒரு வட்டு.

சாவ்கானில் அன்று மைனஸ் முப்பத்தெட்டு.
ஒன்பது குடும்பங்களின் கால்நடையை எண்ணியாக வேண்டும்.
வழியில் சார்ஜ் ஏற்ற இடமில்லை,
ஜீப்பின் லைட்டர் துளை போன மாதமே செத்துவிட்டது.
கேட்டால் ஓட்டுநர் பூரெவ்ஜாவ்
"என்ஜின் ஓடுகிறதே, போதாதா" என்பான்.

ஆகவே வாயைக் கட்டினேன், வயிற்றைக் கட்டினேன்,
லேப்டாப்புக்கு.
வைரஸ் தேடும் காவலாளியை வீட்டுக்கு அனுப்பினேன்.
நான் தேடுவதற்கு முன்பே தேடிவைக்கும்
அதன் அதிகப்பிரசங்கித்தனத்தை நிறுத்தினேன்.
ஐந்து விநாடியை அழித்து
அறுநூறு என்று போட்டேன்:
பத்து நிமிடம் எல்லாவற்றையும் நினைவிலேயே வைத்திரு,
பிறகு ஒருமுறை எழுந்து
எழுதிவிட்டுப் படு.

படுத்தது.
சின்னதாக ஒரு 'டொக்'.
உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன்,
தூங்கும் ஆட்டின் விலாவில் வைப்பதுபோல்.
ஒரு மணி நாற்பது என்று காட்டிய பேட்டரி
இரண்டு மணி பத்து என்று
தன்னைத் திருத்திக்கொண்டது.
அரை மணி நேரம்!
தெருவில் பணம் கண்டெடுத்தவள் மாதிரி
பூரெவ்ஜாவிடம் சொன்னேன்.
அவன் கியரை மாற்றினான்.

ஐந்து குடும்பம் அப்படிப் போனது.
வழிநெடுக அதை டீலுக்குள் விட்டு
மார்போடு கட்டிக்கொண்டேன்,
குளிர் பேட்டரியைத் தின்றுவிடும்.
புதிதாய்ப் பிறந்த குட்டியையும் அப்படித்தான் எடுத்துப்போவோம்.
இந்த ஆண்டு ஒன்றையும் எடுத்துப்போகவில்லை.

ஆறாவது, லுவ்சந்தோர்ஜின் கெர்.
அடுப்பில் வறட்டி, கிண்ணத்தில் உப்புத் தேநீர்.
வாசலுக்கு வெளியே, மூட்டை அடுக்குவதுபோல்
உறைந்த ஆடுகளை அடுக்கியிருந்தார்,
கால்கள் எல்லாம் ஒரே திசையில்.
அவர் சொல்லச் சொல்லத் தட்டினேன்.
செம்மறி எழுபத்தொன்று.
வெள்ளாடு நாற்பத்து மூன்று.
மாடு ஆறு.
குதிரை...
தேநீரை ஊற்றினார், என் கிண்ணம் நிறைந்தே இருந்தது.
குதிரை ஒன்பது.
"செவலையையும் சேர்த்து," என்றார்.
செவலைக்குத் தனிக் கட்டம் இல்லை.

வட்டு தூங்கிக்கொண்டிருந்தது.
எட்டாவது நிமிடமோ ஒன்பதாவதோ,
இருபத்திரண்டு சதவீதம் என்று காட்டிக்கொண்டே
திரை அணைந்தது.
குளிர்ந்த பேட்டரி பொய் சொல்லும், எனக்குத் தெரியும்.
தெரிந்தும் நம்பினேன்.

அடுப்பருகே வைத்து, தேய்த்து, காத்திருந்து
மறுபடி திறந்தபோது
மூன்று சதவீதத்தில் எழுந்தது.
லுவ்சந்தோர்ஜின் வரிசையில் டிசம்பர் கணக்கு மட்டும்.
செம்மறி இருநூற்றுப் பதினெட்டு.
குதிரை பதினான்கு.
இறந்தவை: வெற்றிடம்.
வட்டைப் பொறுத்தவரை
செவலை வெளியேதான் நிற்கிறது,
பனியைக் குளம்பால் கிளறிக்கொண்டு.

அரை மணி நேரம் மிச்சம் பிடித்த கெட்டிக்காரி நான்.
எழுதாக் கணக்கு அழுதாலும் வராது.
இன்னொரு முறை சொல்லுங்கள் என்று
அவரிடம் எந்த வாயால் கேட்பது?
பைக்குள் பென்சில் தேடினேன்,
கையில் அகப்பட்ட பிறகும் தேடினேன்.

அவரே கேட்டார்: "போய்விட்டதா?"
"பத்து நிமிடம் போய்விட்டது."
எட்டி வந்து திரையைப் பார்த்தார்.
தன் பெயரையும் அதற்கு நேரே இருந்த எண்களையும்
உதடு அசையப் படித்தார்.
நான் அணைக்கப் போனேன்.
"கொஞ்சம் இருக்கட்டும்," என்றார்.
மூன்று இரண்டாகி, இரண்டு ஒன்றாகி
தானாக அணையும்வரை இருந்தது.

பிறகு காகிதத்தில் எழுதினோம்.
செம்மறி எழுபத்திரண்டு.
எழுபத்தொன்று என்றீர்களே, என்றேன்.
"அது நீங்கள் வந்தபோது."