ஒரு பால்ரஸ் இடைவெளி

லுப்போ விற்ற சைக்கிளுக்கு
இடமும் தெரியாது, வலமும் தெரியாது.
கையை விட்டாலும் நேரே போகும்.
"குதிரை மாதிரி, வழி அதற்கே தெரியும்" என்றார்
பதினைந்து யூரோவை எண்ணாமல் பைக்குள் போட்டபடி.

அவர் வீட்டிலிருந்து உருளைக்கிழங்கு மாவு ஆலைக்கு
ஒன்பது கிலோமீட்டர்.
ஸ்டாட்ஸ்கனாலில் தெருவென்றால் கால்வாய்க் கரைதான்,
அளவுகோல் வைத்துக் கிழித்த கோடு.
ஷிஃப்டுக்குப் போக, வர, முப்பத்தோரு வருஷம்.
திரும்ப வேண்டிய இடம் ஒன்றே ஒன்று, ஆலை வாசல்.
அங்கேயும் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவாராம்.

நான் இருப்பது புதுக் குடியிருப்பில்,
எல்லாம் வளைவு.
முதல் நாளே ரொட்டிக்கடை முனையில்
ஹேண்டில்பாரைத் திருப்புகிறேன், நடுவில்
டக்கென்று ஒரு பிடிப்பு.
மீறித் திருப்பினேன்.
ஃபென்னா வீட்டு வேலி வாங்கிக்கொண்டது என்னை.

சனிக்கிழமை மழை. சமையலறையில் செய்தித்தாள் விரித்தேன்.
ஸ்டெம் அசையவில்லை.
அலுமினியமும் இரும்பும்
முப்பத்தோரு குளிர்காலம் ஒன்றாய் நனைந்தவை.
வெந்நீர் ஊற்றினேன். எண்ணெய் விட்டு டீ குடித்தேன்.
கெட்ட வார்த்தை நான்கு, அதில் இரண்டு
என் அம்மாவுக்கு எனக்குத் தெரியுமென்று தெரியாதவை.
போல்ட்டை நாலு சுற்றுத் தளர்த்தி
தலையில் மரக்கட்டை வைத்து
ஓர் அடி.
உள்ளே ஆப்பு விழுந்த சத்தத்துக்கு
பூனை எழுந்து அடுத்த அறைக்குப் போனது.

லாக் நட். வாஷர். மேல் கப்.
ஃபோர்க்கை உருவினால் கறுப்புக் களி.
கிரீஸா, மாவா, துடைக்கத் துடைக்க
அக்டோபர் மாத ஆலை வாசனை.
அடிக் கிண்ணத்தில், பளபளத்த வட்டத்தில்,
இருபது குழிகள்.
கண்ணை மூடி நகத்தாலேயே எண்ணலாம்.
கூட்டுக்குள் அடைபட்ட இருபது குண்டுகள்
நேரே பார்த்து நின்று நின்று
ஆளுக்கொன்றாய்த் தோண்டிக்கொண்ட குழிகள்.

புது செட் அறுபது யூரோ.
சைக்கிளே பதினைந்து.

கூட்டை எறிந்துவிட்டு
உதிரிக் குண்டுகளாய் கிரீஸில் பதித்தேன்.
இருபத்தாறு கொள்ளும்.
இருபத்தாறும் வைத்தால் தோளோடு தோள் உரசி
எதுவும் உருளாது.
ஒன்றை வெளியே எடுத்தேன்.
இனி ஒன்று குழியில் இறங்கும்போது
பக்கத்தில் இருப்பது மேட்டில் நிற்கும்.
எல்லாமாகச் சேர்ந்து ஒரே நேரத்தில்
விழ முடியாது.

பிறகுதான் உண்மையான வேலை.
முன் பிரேக்கைப் பிடித்து ஆட்டு,
லொடலொடத்தால் தளர்வு.
தூக்கிப் பிடி, சக்கரம் தானாய் ஒரு பக்கம்
சாயாவிட்டால் இறுக்கம்.
நடுவில் சரி என்றொரு இடம் இருக்கிறது,
அங்கே வைத்தால் தப்பு.
லாக் நட்டை முறுக்கும்போது
அடியில் உள்ளதும் ஒரு மயிரிழை இறங்கிவிடும்.
சரிக்குக் கொஞ்சம் இப்பாலேயே நிறுத்த வேண்டும்.
எவ்வளவு கொஞ்சம்?
ஆறு தடவை கழற்றினேன்.
ஏழாவதில் நான் கேட்பதை விட்டுவிட்டேன்,
அது நின்றது.

ஸ்டெம்மில் ஒரு கோடு, வெளியே தெரியக் கூடாதது.
அது மறையும்வரை இறக்கி
ஒற்றைக் கண்ணை மூடிச் சக்கரத்தோடு நேர் பார்த்து
போல்ட்டை முறுக்கினேன்.

ஞாயிறு லுப்போ வந்தார், ஒரு சுற்றுப் போய்வருகிறேன் என்று.
பாலம் வரை போனவர்
தள்ளிக்கொண்டு வந்தார்.
முழங்காலில் புல் ஒட்டியிருந்தது.
"என்ன செய்தாய்?
அடிக்கு ஒரு தடவை எங்கே போக என்று கேட்கிறது."

காபி கொடுத்தேன்.
இருபத்தாறாவது குண்டு மேசையில்தான் கிடந்தது.
தட்டில் விட்டு
விளிம்போரமாய்ச் சுற்றவிட்டுக்கொண்டிருந்தார்.
கிளம்பும்போது அதைச் சட்டைப்பையில் போட்டதை
நான் கோப்பை கழுவிக்கொண்டிருந்ததால்
பார்க்கவில்லை.