துறை எண் மூவாயிரம்

அச்சாவோ படகுத்துறையில் மழை
பக்கவாட்டில் பெய்துகொண்டிருந்தது.
மீன்வலைக் கடைக்கு மேல்மாடியில்
ஃபபியோலா விட்டுப்போன நிரலைத்
திறந்து வைத்துக்கொண்டு
நான்.

அவள் எழுதியிருந்த குறிப்பு மூன்றே சொல்:
இறக்கு. நிறுவு. ஓட்டு.
ஏதோ சைக்கிள் மாதிரி.

இறக்கினேன்.
நிறுவச் சொன்னதும்
எங்கெங்கிருந்தோ ஆயிரத்து நானூறு பொட்டலங்கள்
ஒன்றின் கையை ஒன்று பிடித்தபடி வரத் தொடங்கின.
ஒரு தேதியை அழகாகக் காட்ட இத்தனை பேரா?
விருந்துக்கு ஒருவரைக் கூப்பிட்டால்
அவர் தெருவையே பஸ் பிடித்துக் கூட்டி வருகிறார்.
எண்பத்துமூன்று சதவீதத்தில்
தீவின் இணையம் அறுந்தது.
அடுப்பில் ஈர விறகு புகைந்தது.
காத்திருந்தேன். வந்தது.
மறுபடி முதலிலிருந்து.

பிறகு சாவிகள்.
மாதிரிக் கோப்பில் பெயர்கள் மட்டும்தான்:
தரவுத்தளக் கடவுச்சொல், ஒரு சமக்குறி, வெறுமை.
காற்றுநிலையத்தின் சாவி, ஒரு சமக்குறி, வெறுமை.
பூட்டுகளை வரிசையாக மாட்டிவிட்டுக்
கொத்தோடு ஊர்மாறிப் போனவளைப்
புவேர்ட்டோ மோன்ட்டில், தொலைபேசியில் பிடித்தேன்.
பின்னால் குழந்தை அழுதது.
"கடவுச்சொல்லா? கடவுச்சொல் என்றே போடு.
உன் கணினிதானே, யார் வரப்போகிறார்கள்?"
"காற்று?"
"அதைக் காலியாக விடு. ஓடும்."

ஓடவில்லை.
துறை மூவாயிரம் ஏற்கெனவே பயன்பாட்டில், என்றது.
சன்னலுக்குக் கீழே, நிஜத் துறையில்,
ஒரு படகுகூட இல்லை.
என் துறையிலோ
நேற்றிரவு நான் மூட மறந்த எதுவோ
விளக்கணைத்து, நங்கூரமிட்டு,
ஆளில்லாமல் நிற்கிறது.
எண்ணைத் தேடிப் பிடித்துக் கொன்றேன்.
கொல் என்பதுதான் கட்டளை, நான் என்ன செய்ய.

மறுபடி ஓட்டினேன்.

வந்துவிட்டது!
நூற்றிருபத்தேழு, சுழியம், சுழியம், ஒன்று:
உலகில் யார் தட்டினாலும்
தட்டியவர் வீட்டுக் கதவையே திறக்கும் முகவரி.
அதற்குள், பச்சை எழுத்தில், எங்கள் சிறு தீவுகள்.
மெயுலினுக்கு ஐந்து மணிப் படகு: புறப்படும்.
கெனாக்குக்கு ஐந்தரை: புறப்படும்.
பயணிகள்: சோதனை ஒன்று, சோதனை இரண்டு,
சோதனை இரண்டின் மனைவி.
யாருக்கும் குமட்டல் இல்லை, மூட்டை இல்லை.
தனியாகக் கைதட்டிக்கொண்டேன்.

கதவைத் தள்ளிக்கொண்டு நோல்பெர்ட்டோ மில்லாலொங்கோ.
தோளில், பிளாஸ்டிக் சுற்றிய மாவு மூட்டை.
தொப்பியிலிருந்து நீர் என் விசைப்பலகை வரை தெறித்தது.
மெயுலின்காரர். கைபேசியில் ஒன்றும் வரவில்லையாம்;
படகுக் கணினி இங்கேதான் இருக்கிறதாம்.
தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.
"ஐந்து மணி. புறப்படும்,"
எழுத்துக்கூட்டி வாசித்தார், சந்தோஷமாக.
திரும்பிவிட்டார்.

"இருங்கள். அது நிஜம் இல்லை."
"மெயுலின் என்று போட்டிருக்கிறதே?"
"மெயுலின்தான். ஆனால்
இந்தப் பெட்டிக்குள் இருக்கிற மெயுலின்."
என்னைப் பார்த்தார்.
சன்னலைப் பார்த்தார்.
கடல் வெள்ளையாக எழுந்து
துறைப் படிகளின் மேல் விழுந்துகொண்டிருந்தது.
"உன் பெட்டியில் காற்று எவ்வளவு?"

யாரும் என்னை இதுவரை கேட்காத கேள்வி.
விதைத் தரவுகளைத் திறந்தேன். நாற்பத்தோராம் வரி.
காற்று: சுழியம்.
மூன்று வருடமாக, எல்லா நாளும், சுழியம்.

அவர் அடுப்போரம் உட்கார்ந்து
காலுறையைக் கழற்றிப் பிழிந்தார்.
நான் சுழியத்தை அழித்துவிட்டுக்
கூரைத் தகரம் சொன்னதை எழுதினேன்: ஐம்பத்தைந்து.
சேமித்தேன்.

பக்கம் வெளுத்தது.
படகு இல்லை, தீவு இல்லை,
சோதனை இரண்டின் மனைவி இல்லை.
அடியில் சிவப்பாக ஒற்றை வரி:
இது வரையறுக்கப்படவில்லை.

"இப்போதுதான் சரியாகச் சொல்கிறது," என்றார் நோல்பெர்ட்டோ,
மாவு மூட்டையை
இன்னும் கொஞ்சம் நெருப்பின் பக்கம் நகர்த்தியபடி.