வேர் சிகிச்சை

செகெட் நகரத்து டிராமில்
இருபத்தொன்பது வருடம் டிக்கெட் பரிசோதகர் நான்.
சீட்டெடுக்காமல் ஏறியவன்
எந்த நிறுத்தத்தில் ஜன்னல் பக்கம் முகம் திருப்புவான் என்பது
எனக்கு அத்துப்படி.
இந்த மரத்தை மட்டும் கோட்டை விட்டேன்.

வேலியோரம் விரல் தடிமனில் நின்றது.
இலைகள் இறகு இறகாய்.
தானாக வந்தது,
இருந்துவிட்டுப் போகட்டுமே என்றேன்.
எங்கள் பாஷையில் அதற்குச் சிலைமரம் என்று பெயர்,
விழுந்து கும்பிடுகிற சிலை.
ஆஸ்திரியாக்காரர்களுக்கு அது தேவர்களின் மரம்.
இலையைக் கசக்கினால்
சிக்குப் பிடித்த வேர்க்கடலை நாற்றம்.
எந்த தேவருக்குப் படைக்கவோ.

நாலாம் வருடம் கூரைத் தகரத்தைத் தொட்டது.
நிலவறைச் சுவரில் மயிரிழையாய் ஒரு விரிசல்.
பழுப்பு வேர் ஒன்று அதன் வழியே
என் ஊறுகாய் ஜாடிகளை எட்டிப் பார்த்தது.

ரம்பம் எடுத்தேன்.
ஒரே மதியம்.
அன்றிரவு பிளம் சாராயம்
ஒரு கிண்ணம் கூடுதல்.

மூன்று வாரம் கழித்து
தக்காளிப் பாத்தியில் பதினொன்று,
கோழிக்கூண்டுக்கு அடியில் ஆறு,
துணிக்கொடிக் கம்பத்தைச் சுற்றி
எண்ணவில்லை.
பிடுங்கினேன், அறுந்தது.
அறுந்த இடத்தில் இரண்டாகச் சிரித்தது.
உப்புப் போட்டேன்:
பார்ஸ்லி செத்தது, அது சாகவில்லை.
கறுப்பு பிளாஸ்டிக் விரித்தேன்:
முட்டித் தூக்கி
கூடாரம் போட்டுக்கொண்டது.

முன்வாசலில் இந்தப் போர் நடக்க
கொல்லைப்புறத்தை மறந்துபோனேன்.
ஜூலையில் ஒரு தபால்.
ஊரையே தும்ம வைக்கும் பர்லக்ஃபூ களை
என் எல்லைக்குள் இடுப்பளவு நிற்கிறதாம்.
அபராதம்.
அந்தச் சொல்லை எத்தனை ஆயிரம் தடவை
எழுதிக் கிழித்துக் கொடுத்திருப்பேன்.
எனக்கு வந்தது இதுதான் முதல்.
தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
எழுதியவளுக்கு நல்ல கையெழுத்து.

பக்கத்து வீட்டு போர்பாலா வேலிக்கு மேல் தலை நீட்டினாள்.
"எடெல்கா, உன் ஆட்கள்
என் ஸ்ட்ராபெரிக்குள் வந்துவிட்டார்கள்."
அவள் பல் டாக்டர்.
ரம்பத்தைப் பார்த்ததும் அவளுக்கு
வாய்க்குள் கொறடு விட்டவனைப் பார்த்த கோபம்.
"மேலே பிடுங்கி என்ன புண்ணியம்?
இதற்கு வேர் சிகிச்சை.
வளர விடு, மணிக்கட்டு தடிமன் வரட்டும்.
கோடை முடிவில் மரம்
தன் சாப்பாட்டை வேருக்கு இறக்கும்.
அதோடு நாமும் ஒரு பொட்டலம் அனுப்புவோம்."

வளர விடு என்றால்
இரண்டு கோடை.
திருடனுக்கு இருக்கை துடைத்துக் கொடுப்பது போல
தினமும் அதைத் தாண்டி நடந்தேன்.
கத்தரிக்கோலை அலமாரியில் பூட்டி
சாவியை போர்பாலாவிடம் கொடுத்தேன்.

இரண்டாம் செப்டம்பரில்
டிரில் கொண்டுவந்தாள், கையுறை, ஊசிக்குழல்.
சாய்வாக, கீழ்நோக்கி, ஒரு துளை.
"கொஞ்சம்கூட வலிக்காது" என்றாள் மரத்திடம்,
பழக்கதோஷம்.
நான் மருந்தைச் சொட்டவிட்டேன்.
எங்களுக்குள் வேறு பேச்சில்லை.
பதினேழாவது மரத்தில்
அவள் முழங்கால் மடங்க மறுத்தது, என் தோளில் சாய்ந்தாள்.
இருபது வருடப் பக்கத்து வீடு.
அன்றுதான் முதல்முறை தொட்டுக்கொண்டோம்.

பத்தே நாளில் இலை மஞ்சளாயிற்று.
வசந்தத்தில் எண்ணினேன்: மூன்று.
படிக்கல் இடுக்கில் ஒன்று,
மற்ற இரண்டும் அவள் பக்கம்.
சிரிக்கிறாள். டிரில் சார்ஜில் இருக்கிறது.

எனக்கு அறுபத்தேழு.
அறுபத்தைந்து தாண்டினால் டிராமில் சீட்டு வேண்டாம்,
அரசாங்கச் சலுகை.
நேற்று கடைசி நிறுத்தத்தில்
ஆளில்லா மனையின் பெண்மரம்
போன வருடக் காய்ந்த கொத்தை உதறிக்கொண்டிருந்தது.
கதவு மூடுமுன்
சிறகு வைத்த விதை ஒன்று உள்ளே வந்து
என் கோட்டுக் கையில் உட்கார்ந்தது.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.
இருவரிடமும் டிக்கெட் இல்லை.