பதினொரு நிமிடம், நாற்பது வினாடி

வினிபெக்கில் காலை ஐந்தே கால்.
நிலவறையில்
உலைக்கும் துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் நடுவே
மடித்த கம்பளியில் அமர்ந்திருக்கிறேன்.
வெளியே சைபருக்குக் கீழ் முப்பத்தொன்று.
இந்த வீட்டில் யாரும் தட்டாத ஒரே இடம் இது,
தட்டக் கதவே இல்லை என்பதால்.

முதலில் உனக்கு, என்கிறது முறை.
நான் நலமாயிருப்பேனாக.
இந்த வரியை எப்போதும் வேகமாகக் கடந்துவிடுவேன்,
பிந்தி வந்தவள் செருப்பைக் கழற்றுவதுபோல.

அடுத்து, அன்புக்குரிய ஒருவர்.
மூன்று கிழமையாய் அந்த இடத்தில் திலோத்தமைதான்.
பேர்த்தில் இப்போது இரவு ஏழேகால்,
புழுக்கம், ஜன்னல் வலையில் பூச்சிகள்.
மூச்சை இழுக்கையில் அவள் துயரைக் கரும்புகையாய் எடு,
விடுகையில் வெளிச்சமாய்க் கொடு.
எடுத்தேன்.
கொடுத்தேன்.
உலை ஒருமுறை இருமிப் பற்றிக்கொண்டது.

பிறகு, உறவுமில்லாத பகையுமில்லாத ஒருவர்.
எதிர்வீட்டு மனிதர், பெயர் தெரியாது.
இரவில் காரின் மூக்கில் வயர் செருகி
சுவரோடு கட்டிவிட்டுப் போவார்.
அவர் நலமாயிருப்பாராக.
அவருடைய எஞ்சின் உறையாதிருப்பதாக.

பிறகு, கடினமானவர்.
வழக்கமாய் மச்சாளை இருத்துவேன்.
இன்றைக்கு,
பாத்திரம் ஊறட்டும் என்று சொல்லிவிட்டுப்
படுக்கப்போன சேந்தன்.

ஒருநாள் அந்த இடத்தில் ஒரு சிப்பாயை இருத்திப் பார்த்தேன்.
சந்தியில், காவலரணுக்குப் பக்கத்தில்,
புதுச் சிமெந்தில் அமர்ந்திருந்த புத்தருக்கு
அவன் பூ வைத்துக்கொண்டிருந்தான்.
வைத்து முடிக்கும்வரை
அடையாள அட்டையை நீட்டியபடி நின்றாள் அம்மா.
கண்ணைத் திறந்துவிட்டேன்.
இதுவரைக்கும் அவனுக்கு ஒரு சொல்லும் போகவில்லை,
மூச்சு மட்டும் போய் வருகிறது.
அந்தப் புத்தர் வேறு, இந்தப் புத்தர் வேறு
என்று சொல்லிக்கொள்கிறேன்.
இருவருக்கும் அதே நீளக் காதுகள்.

"அம்மா! என்ர மற்றக் கையுறை எங்க?"
"கண் இருக்குத்தானே, தேடு!"
எல்லா உயிர்களும் என்ற வரிக்கு
நாலு மூச்சுத் தூரத்தில் இருந்து கத்தினேன்.
மேலே காலடிகள் நின்றன.
எழுந்து கம்பளியை உதறினால்
விழுகிறது ஆதிரனின் கையுறை.
இவ்வளவு நேரமும் அதன் மேல்தான் இருந்திருக்கிறேன்.

காருக்குள், கண்ணாடியில் பனி இளகும்வரை
போனைக் கையில் வைத்திருந்தேன்.
திலோத்தமையின் குரல்,
பதினொரு நிமிடம், நாற்பது வினாடி.
வந்து இருபது நாள்.
நீலப் புள்ளி அணையவில்லை.
இருபது விடியலும் அவளுக்காக மூச்சு விட்டவள்
ஒருதரமும் அவள் பேசியதைக் கேட்கவில்லை.
ஸ்கேன் முடிவாக இருக்குமோ என்ற பயம்.
புகையை எடுப்பது சுலபம்,
புகைக்கு வாய் கிடையாது.

அழுத்தினேன்.
எண்ணெயில் ஏதோ பொரிகிறது.
குழாய் திறந்து மூடுகிறது.
நாலு நிமிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு,
"எடியே, விசேசமா ஒண்டுமில்லை.
சமைக்கேக்க ஆரும் பக்கத்தில நிண்டா
நல்லாயிருக்கும் எண்டு நினைச்சன்.
அதான் உன்னை இதில வச்சிருக்கிறன்."
மிச்சம் முழுக்க அகப்பைச் சத்தம்.
முடிவு என்ன என்று அதில் இல்லை.
கண்ணாடியில் ஒரு கையளவு தெளிந்திருந்தது.
கேட்டு முடியும்வரை காரை எடுக்கவில்லை,
வேலைக்குப் பிந்தினேன்.

இரவு.
பாத்திரங்கள் ஊறியபடியே கிடக்கின்றன.
பதிவை அழுத்திப் போனைச் சிங்க் ஓரத்தில் நிமிர்த்தி வைத்தேன்.
"திலோ, நிக்கிறன்" என்று மட்டும் சொன்னேன்.
துடைக்கத் துணி எங்கே என்கிறான் சேந்தன்,
எட்டு வருடமாய் அது தொங்கும் கொளுக்கிக்கு முன்னால் நின்று.
மேசையில் ஆதிரன் ஏழாம் வாய்ப்பாட்டில் தடுக்கி விழுகிறான்.
தண்ணீர். தட்டு. கரண்டி.
எதையும் வெட்டாமல் அனுப்பிவிட்டேன்.
அங்கே ஏற்கெனவே நாளை.

"ஏழெட்டு?"
"ஐம்பத்து... ஐம்பத்து..."
ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை.
காத்திருந்தோம்.